போர்க்காலத்தில் நாடாளுமன்றத்துக்கு விடுமுறை

படை நடத்துவது அரசின் வேலை. அதற்குப் பணம் ஒதுக்குவதும், நெருக்கடிகாலச் சட்டங்களை நிறைவேற்றுவதும், தோல்விக்குக் கணக்குக் கேட்பதும் நாடாளுமன்றத்தின் வேலை. அதனால்தான் போர் நெருங்கும்போது அவைக்கு விடுமுறை விடலாமா என்ற கேள்வி எழுகிறது.

பிரிட்டனில் 1939 ஆகஸ்ட் 2 அன்று இந்த விவாதம் உச்சத்தை எட்டியது. அக்டோபர் 3 வரை அவையை ஒத்திவைக்கப் பிரதமர் சேம்பர்லின் முன்மொழிந்தார். தேவைப்பட்டால் முன்னதாகவே கூட்டலாம் என்றார். ஆகஸ்ட் 21 அன்றே கூட வேண்டும் என்றது தொழிற்கட்சி. ஆளுங்கட்சியைச் சேர்ந்த சர்ச்சிலும் நீண்ட விடுமுறையை எதிர்த்தார். அவை கலைந்திருக்கும் வேளையில் அரசு ஹிட்லருக்கு மீண்டும் விட்டுக்கொடுத்துவிடும் என்ற அச்சமே எதிர்ப்புக்குக் காரணம். வாக்கெடுப்பில் அரசு வென்றது. ஆனால், ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் உடன்படிக்கை செய்துகொள்ள, மறுநாளே அவை அவசரமாகக் கூட்டப்பட்டது. அரசுக்குப் பரந்த அதிகாரங்கள் தரும் பாதுகாப்புச் சட்டம் அன்றே நிறைவேறியது.

போர் தொடங்கிய பிறகும் அவை தொடர்ந்து கூடியது. 1940 மே 7, 8 தேதிகளில் நார்வே தோல்வி குறித்து நடந்த விவாதத்தில் அரசின் பெரும்பான்மை 81 ஆகச் சரிந்தது. மே 10 அன்று சேம்பர்லின் பதவி விலக, சர்ச்சில் பிரதமரானார். போரின் நடுவில் தலைமை மாறியதற்கு அவை கூடியிருந்தது வழிசெய்தது.

இந்தியாவில் 1962 அக்டோபர் 20 அன்று சீனா தாக்கியபோது நாடாளுமன்றம் கூடியிருக்கவில்லை. உடனே கூட்ட வேண்டும் என்று ஜனசங்கத்தின் வாஜ்பாய் உள்ளிட்டோர் கோரினர். நேரு இசைந்தார், நவம்பர் 8 அன்று அவை கூடியது. சண்டை நடந்துகொண்டிருந்தபோதே அரசின் ஆயத்தமின்மையை உறுப்பினர்கள் வெளிப்படையாக விமர்சித்தனர்.

இடைவேளைக்கும் நியாயங்கள் உண்டு. அமைச்சர்களுக்குப் போர்ப்பணிகளில் முழுக்கவனம் செலுத்த முடிகிறது. உறுப்பினர்கள் தொகுதி மக்களின் நிலையை நேரில் அறிகிறார்கள். ராணுவ ரகசியம் அவையில் கசியும் வாய்ப்பும் குறைகிறது. ஆகவே விடுமுறையின் நீளத்தைவிட, அவையை மீண்டும் கூட்டும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே முக்கியம்.

பிரிட்டனில் அரசு கேட்டுக்கொண்டால்தான் சபாநாயகர் அவையை முன்கூட்டியே அழைக்க முடியும். இந்தியாவில் அமைச்சரவையின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் அழைக்கிறார்; இரு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது. அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவை கூடும் என்பதற்கு ஒரு விலக்கை 1978-இன் 44-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தந்தது. நெருக்கடிநிலையை ரத்துசெய்ய மக்களவை உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் எழுத்து மூலம் கோரினால், 14 நாட்களுக்குள் சிறப்பு அமர்வு நடத்தியாக வேண்டும்.