மேசைப்பந்து மட்டை

மேசைப்பந்தாட்டத்திற்குரிய மேசையின் நீளம் 2.74 மீட்டர், பந்தின் எடை 2.7 கிராம். இத்துணைச் சிறிய பரப்பில் அத்துணை இலேசான பந்தைக் கருதிய இடத்தில் விழச் செய்வதற்கு ஏற்ற மட்டை இன்றியமையாதது.

மட்டையின் உயிர்நிலை, ரப்பருக்கு அடியிலுள்ள பலகையே ஆகும். மெல்லிய மர ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அதனை அமைப்பர். அதன் தடிப்பில் நூற்றுக்கு 85 பங்கேனும் இயற்கை மரமாக இருத்தல் வேண்டும் என்பது அனைத்துலக விதி. ஆப்பிரிக்க மரங்களாகிய அயூஸ், லிம்பா ஆகியவை இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. சில பலகைகளில் ஏடுகளுக்கிடையே கரியிழையும் வைப்பதுண்டு.

தடித்த பலகையும் கரியிழைப் பலகையும் எளிதில் வளையா. ஆதலின் அவற்றிற்பட்ட பந்து மிக விரைந்து மீளும். ஐந்து ஏடுகளாலான மெல்லிய மரப்பலகையோ அடிபட்டவுடன் சற்றே வளைந்து கொடுக்கும். அதனால் பந்தின் விரைவு தணியும். பந்து பட்ட வகையும் கைக்கு நன்கு புலனாகும். பந்தைப் பலகைமேல் தட்டிப் பார்த்தால், விறைப்பான பலகை கூரிய ஒலியையும், வளையும் பலகை தாழ்ந்த ஒலியையும் எழுப்பும்.

தொடக்கத்திலேயே விரைவு மட்டையைக் கைக்கொண்ட மாணவன், பந்து மேசையைக் கடந்து போய்விடுமோ என அஞ்சி, கையை முழுமையாக வீசத் துணியான். நாளடைவில் அவ்வச்சமே பழக்கமாகிவிடும். அடங்கிய மட்டையைக் கொண்டவனோ அச்சமின்றி வீசி, அடிமுறையைச் செவ்வனே கற்பான். அடிமுறை அமைந்தபின் விரைவைக் கூட்டிக்கொள்ளுதல் எளிது.