கோட்டை மண்ணில் ஒரு தபால் மாளிகை: கொல்கத்தா ஜி.பி.ஓ. பற்றி இதெல்லாம் தெரியுமா?

கொல்கத்தாவுக்குப் போகிறவர்கள் ஹவுரா பாலத்தைப் பார்ப்பார்கள், விக்டோரியா நினைவகத்தைச் சுற்றுவார்கள், காளிகாட்டில் கும்பிட்டுவிட்டு ரசகுல்லாவோடு ரயிலேறுவார்கள். லால் திகி குளத்துக்கு மேற்கே வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்கும் தலைமைத் தபால் நிலையத்தை மட்டும் சாலையில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தப் படிகளுக்கு அடியில் ஒரு கோட்டை இருந்தது, அதன் கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தால் அப்படி நகர மனம் வருமா?

காலடியில் ஒரு கோட்டை இருப்பது தெரியுமா?

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கொல்கத்தாவில் முதன்முதலில் கட்டிய வில்லியம் கோட்டை இருந்தது இந்த இடத்தில்தான்! இன்று மைதானத்தில் ராணுவத்தின் வசம் இருப்பது பிறகு கட்டிய புதுக் கோட்டை. பழைய கோட்டை இடிந்து, மண்ணோடு மண்ணாகி, அதன் மதில் எங்கே ஓடியது என்பதே மறந்துபோனது. 1883-இல் பக்கத்தில் ரயில்வே அலுவலகத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது அந்தச் சுவர்கள் மீண்டும் வெளிப்பட்டன. பின்னர் வைஸ்ராய் கர்சன் பிரபு காலத்தில் கோட்டையின் எல்லையைக் காட்டப் பித்தளைக் கோடுகள் பதித்தார்கள். தபால் நிலையத்தின் கிழக்குப் பக்கப் படிக்கட்டில் அந்தப் பித்தளையைப் பார்க்கலாம். பீரங்கிகள் காவல் காத்த எல்லையை இன்று மணியார்டர் அனுப்ப வருகிறவர்கள் சர்வ சாதாரணமாகத் தாண்டிப் போகிறார்கள்!

இந்த இடத்தை மீட்கக் கப்பல்கள் கிளம்பியது எங்கிருந்து தெரியுமா?

சென்னையிலிருந்து! 1756 ஜூன் 20 அன்று வங்காள நவாப் சிராஜ் உத் தவுலா இந்தக் கோட்டையைப் பிடித்தார். ஊரின் பெயரையே அலிநகர் என்று மாற்றினார். செய்தி சென்னைக்கு எட்டியது. அக்டோபரில் ராபர்ட் கிளைவும் கடற்படைத் தளபதி வாட்சனும் படையோடு இங்கிருந்து கடலேறினார்கள். படையில் பெரும்பகுதி சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள். 1757 ஜனவரி 2 அன்று கொல்கத்தா மீண்டும் கம்பெனி கைக்குப் போனது. அதே ஆண்டு ஜூன் 23 அன்று பிளாசிப் போர். இந்தியாவின் தலையெழுத்து மாறிய அந்த ஓராண்டுக் கதை இந்தத் தபால் நிலையத்து மண்ணில்தான் தொடங்கியது.

‘இருட்டறை’ பக்கத்தில்தான் இருந்தது தெரியுமா?

பள்ளிப் பாடத்தில் படித்த கல்கத்தா இருட்டறை நினைவிருக்கிறதா? கோட்டை வீழ்ந்த இரவில் 146 பேர் சிறு அறையில் அடைக்கப்பட்டார்கள், அவர்களில் 123 பேர் இறந்தார்கள் என்று கம்பெனி அதிகாரி ஹால்வெல் எழுதிய அந்தச் சம்பவம் நடந்த இடம் தபால் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. எண்ணிக்கையை ஹால்வெல் ஊதிப் பெருக்கினார் என்பது பிற்கால வரலாற்று ஆய்வாளர் பலரின் கருத்து. 1902-இல் கர்சன் அங்கே ஒரு நினைவுத் தூணை நிறுத்தினார். நவாபை இழிவுபடுத்தும் அந்தத் தூணை அகற்றச் சொல்லி 1940-இல் சுபாஷ் சந்திர போஸ் போராட்டம் அறிவித்தார். தூண் அங்கிருந்து எடுக்கப்பட்டு, செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்துக்குப் போனது.

இப்போது ஜி.பி.ஓ.வின் முகவரியைப் பாருங்கள். அன்றைய கிளைவ் தெரு இன்று நேதாஜி சுபாஷ் சாலை! எதிரே உள்ள டல்ஹௌசி சதுக்கம், 1930 டிசம்பர் 8 அன்று ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்த பினய், பாதல், தினேஷ் என்ற மூன்று இளைஞர்களின் நினைவாக பி.பி.டி. பாக்!

தபால் நிலையத்துக்கு இத்தனை பெரிய கட்டடம் எதற்கு தெரியுமா?

அரை அணா செய்த புரட்சி அது! வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், 1774-இல், கொல்கத்தாவில் பொதுமக்களுக்குத் தபால் சேவை தொடங்கியபோது நூறு மைல் தூரத்துக்கு இரண்டு அணா கட்டணம். அதற்காகச் செம்பு வில்லைகளே அடித்தார்கள். தூரம் கூடினால் காசும் கூடும். காட்டு வழியில் மணி கட்டிய ஈட்டியோடு ஓடிய ஹர்காராக்கள்தான் கடிதங்களைச் சுமந்தார்கள். சாமானியருக்கு எட்டாத சேவை.

1854-இல் எல்லாம் தலைகீழ். இந்தியாவுக்குள் எங்கே அனுப்பினாலும் குறைந்த எடைக் கடிதத்துக்கு ஒரே கட்டணம், அரை அணா! அதற்கான நீல நிறத் தபால் தலையை அச்சிட்டதும் கொல்கத்தாவில்தான், நில அளவைத் தலைமை அலுவலகத்தில். அங்கே அச்சான நாலணா தலைகள் சிலவற்றில் விக்டோரியா மகாராணியின் முகம் தலைகீழாகப் பதிந்துவிட்டது. தபால் தலை சேகரிப்போர் இன்றும் கனவு காணும் பிழை அது. கட்டணம் குறைந்தது, கடிதங்கள் குவிந்தன. அன்றைக்கு நாட்டின் தலைநகரமும் கொல்கத்தாதான். சின்னக் கட்டடம் எப்படிப் போதும்?

குவிமாடத்தின் உயரம் தெரியுமா?

சுமார் 220 அடி! 1959-இல் திறந்த சென்னை எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. அதற்கு 91 ஆண்டுகளுக்கு முன்பே, 1868-இல், அதைவிட உயரமாக ஒரு தபால் நிலையம் கொல்கத்தாவில் எழுந்துவிட்டது! வடிவமைத்தவர் வால்டர் கிரான்வில். கொல்கத்தா உயர் நீதிமன்றமும் இந்திய அருங்காட்சியகமும் அவர் கைவண்ணமே.

தெற்கு, கிழக்கு என இரண்டு தெருக்களையும் பார்த்து நீளும் தூண் வரிசைகள் சந்திக்கும் மூலையை வளைத்து, அதன் மேல் குவிமாடத்தை ஏற்றினார் கிரான்வில். அதனால் சதுக்கத்தின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கட்டடம் உங்களை நோக்கி நிற்பதாகவே தோன்றும். தூண்களின் உச்சியைப் பாருங்கள், இலைக்கொத்துகள் விரிந்த கொரிந்தியப் பாணி. உள்ளே நுழைந்து குவிமாடத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்தால் கழுத்து வலிக்கும். பார்வையை இறக்கவோ மனம் வராது! அந்த வட்ட மண்டபத்தைச் சுற்றித்தான் தபால் கவுன்ட்டர்கள். 1884 முதல் இங்கே தபால் அருங்காட்சியகம் உண்டு. 1896-இல் பெரிய கடிகாரமும் வந்து சேர்ந்தது.

மூன்று மாநகரங்கள், மூன்று முகங்கள் என்று தெரியுமா?

கொல்கத்தா கிரேக்க, ரோமானியத் தூண்களை எடுத்துக்கொண்டது. 16 ஆண்டுகள் கழித்து, 1884-இல், சென்னைக் கடற்கரைச் சாலையில் (இன்றைய ராஜாஜி சாலை) ராபர்ட் சிஸம் எழுப்பிய ஜி.பி.ஓ. சிவந்த முகத்தோடு இந்தோ-சாரசெனிக் பாணிக்குப் போனது. 1913-இல் முடிந்த மும்பை ஜி.பி.ஓ.வுக்கு ஜான் பெக் பீஜப்பூர் கோல் கும்பாஸையே முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். செய்த வேலை ஒன்றுதான், முகம் மூன்று! 45 ஆண்டுகளில் அரசாங்கக் கட்டடக்கலை மேலை நாட்டிலிருந்து இந்திய மண்ணை நோக்கித் திரும்பிய பயணத்தை இந்த மூன்று தபால் நிலையங்களை வரிசையாகப் பார்த்தாலே படித்துவிடலாம்.

தபால் கணக்குப் பார்த்த நோபல் மேதையைத் தெரியுமா?

நம் சர் சி.வி. ராமன்! 1907-இல் நிதித் துறை அதிகாரியாகக் கொல்கத்தா போனவர், 1911-இல் தபால் தந்தித் துறையின் கணக்குகளைக் கவனிக்கும் பொறுப்பில் அமர்ந்தார். பகலில் கணக்கு, காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் இயற்பியல்! 1930-இல் நோபல் பரிசு. 1971-இல் அவர் முகத்தைத் தாங்கிய தபால் தலையை அதே தபால் துறை வெளியிட்டது.

ராக்கெட்டிலும் தபால் போனது தெரியுமா?

கொல்கத்தாவில் வாழ்ந்த ஸ்டீபன் ஸ்மித் 1934 செப்டம்பர் 30 அன்று கப்பலிலிருந்து சாகர் தீவை நோக்கி ராக்கெட்டில் கடிதங்களை ஏவினார். அடுத்த ஆண்டு தாமோதர் ஆற்றுக்கு மேலே ஒரு சேவலையும் கோழியையும் ராக்கெட்டில் அனுப்பினார். இரண்டும் உயிரோடு அக்கரை சேர்ந்தன!

தாகூரின் தபால் நிலையம் வார்சா வரை போனது தெரியுமா?

கொல்கத்தாவின் மகாகவி ரவீந்திரநாத் தாகூர் எழுதிய நாடகத்தின் பெயர் ‘டாக் கர்’, அதாவது தபால் நிலையம். நோயில் கிடக்கும் அமல் என்ற சிறுவன், எதிரே புதிதாக வந்த தபால் நிலையத்தைப் பார்த்து, அரசர் தனக்குக் கடிதம் எழுதுவார் என்று காத்திருக்கிறான். 1913-இல் டப்ளின் நகரத்து அபே அரங்கில் அந்த நாடகம் மேடையேறியது. 1942 ஜூலையில், நாஜிகள் அடைத்துவைத்த வார்சா யூதச் சேரியில், அநாதை இல்லம் நடத்திய யானுஸ் கோர்ச்சாக் தம் குழந்தைகளை இதில் நடிக்கவைத்தார். அடுத்த மாதமே அந்தக் குழந்தைகளோடு அவரும் ட்ரெப்லிங்கா மரண முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தபால் நிலையம் என்றால் நமக்காகவும் யாரோ நினைக்கிறார்கள் என்ற நம்பிக்கை. அதைத் தாகூரைவிட அழகாகச் சொன்னவர் யார்?

ஜி.பி.ஓ.வுக்குள் நுழைய என்ன வேண்டும் தெரியுமா?

ஒன்றுமே வேண்டாம்! அந்தக் காலத்தில் எழுந்த மாளிகைகளில் பெரும்பாலானவை கவர்னருக்கும் நீதிபதிக்கும் கம்பெனி முதலாளிக்கும். தபால் நிலையத்துக் குவிமாடம் மட்டும் அரை அணா கையில் வைத்திருந்த கூலிக்காரருக்கும் ஊருக்குப் பணம் அனுப்பிய சமையல்காரருக்கும் சேர்த்து எழுந்தது. கோட்டை ஆளைத் தடுத்து நிறுத்தக் கட்டியது. அதே மண்ணில் வந்த இந்தக் கட்டடம் ஆளை உள்ளே அழைக்கக் கட்டியது. இதுதான் இதன் பெருமை!

தந்தி 2013-இல் நின்றுவிட்டது, கடிதமும் அருகிவிட்டது. ஆனாலும் அஞ்சலட்டை இன்னும் ஐம்பது காசுதான். அடுத்த முறை கொல்கத்தா போனால் படம் எடுத்ததோடு நிற்காதீர்கள். படியேறுங்கள், பித்தளைக் கோடுகளைத் தேடுங்கள், அஞ்சலட்டை வாங்கி வீட்டுக்கு நாலு வரி எழுதி 700001 முத்திரையோடு அனுப்புங்கள். கொல்கத்தா தூரம் என்றால், சென்னை ராஜாஜி சாலையில் 600001 ஜி.பி.ஓ. இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளோடு போய் வெளியிலிருந்தாவது சுற்றிப் பாருங்கள். வேலை நாளில் உள்ளேயும் போங்கள். மக்கள் புழங்கும் வரைதான் மக்கள் மாளிகைக்கு ஆயுள்!