நிலத்தடிச் செல்வமும் நூற்றாண்டு கண்ட கழகமும்

கடனுக்கு ஈடாக வரும் நகையை எடைபோடலாம். வீட்டை நேரில் சென்று பார்க்கலாம். பூமிக்கடியில் கிடக்கும் நிலக்கரிக்கும் தாதுவுக்கும் நிலவியலாளரின் அறிக்கையே சான்று. அச்சான்று பொய்த்தால் விளையும் கேட்டுக்கு வயநாடு ஓர் எடுத்துக்காட்டு. 1880ஆம் ஆண்டையொட்டி, அங்கே தங்கம் மிகுதியாகக் கிடைக்கும் என்னும் பேச்சை நம்பி லண்டனில் பல நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் அவை சரிந்தன. பங்கு வாங்கியோர் முதலை இழந்தனர்.

கண்ணுக்குப் புலப்படாத பொருளைப் பற்றிய செய்தியைத் துறை அறிந்தோர் கூடிச் சோதிப்பதற்கு ஓர் அவை வேண்டும். அத்தகைய அவையாக, 1906 ஜனவரியில் கல்கத்தாவில் இந்தியச் சுரங்கவியல், நிலவியல் கழகம் நிறுவப்பெற்றது. அப்போது இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் இயக்குநராக இருந்த தாமஸ் ஹாலந்து அதன் முதல் தலைவரானார்.

ஹாலந்துக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தா நகருடன் பெயர் இணைந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை அவர் ஆராய்ந்து 1893இல் கட்டுரை வெளியிட்டார். அது பல்லாவரம் பகுதியில் கிடைக்கும் பாறை வகையே எனக் கண்டு, அதற்குச் ‘சார்னோக்கைட்’ எனப் பெயரிட்டார். இன்று உலகெங்கும் நிலவியலாளர் வழங்கும் பெயர் அது.

கழகம் தோன்றிய காலம் கனிமத் தொழில் விரைந்து வளர்ந்த காலம். 1904இல் நிலவியலாளர் பி.என். போஸ், மயூர்பஞ்சின் இரும்புத் தாது குறித்து ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்குக் கடிதம் எழுதினார். 1907இல் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் உருவாயிற்று. அதன் பங்குகளை இந்தியரே ஆர்வத்துடன் வாங்கினர். வயநாட்டில் வதந்தியை நம்பி முதல் போயிற்று. இங்கே முறையான ஆய்வை நம்பி ஒரு தொழில் நிலைத்தது. தாதுவை உலோகமாக்கும் துறையின் முக்கியத்துவம் உணரப்பட்டு, 1937இல் ‘உலோகவியல்’ என்னும் சொல்லும் கழகத்தின் பெயரில் இடம்பெற்றது.

நிலத்தடி அறிவு பிழைத்தால் பணத்தோடு உயிரும் போகும். 1975 டிசம்பர் 27 அன்று, தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில், பழைய தோண்டுதல்களில் தேங்கியிருந்த நீர் தடுப்பை உடைத்துப் பாய்ந்தது. முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். கைவிடப்பட்ட சுரங்கத்தின் வரைபடம்கூட உயிர்காக்கும் ஆவணம் என்பதை அத்துயரம் உணர்த்தியது.

சுரங்கப் பொறியாளர் தம் குழியை நன்கறிவார். நிலவியலாளர் முழு வயலின் அமைப்பை அறிவார். உலோகவியலாளர் தாதுவின் பயனை அறிவார். மூவரையும் ஓரவையில் அமர்த்தியதே இக்கழகத்தின் தொண்டு. சுரங்க நிறுவனத்தின் பங்கை வாங்க எண்ணும் வாடிக்கையாளர் இதிலிருந்து ஒன்றைக் கொள்ளலாம்: இலாபக் கணக்கைப் பார்க்குமுன், கனிம இருப்பை அளந்தவர் யார், அளந்த முறை யாது என்று கேட்டறிவது நலம்.