காற்றின் சூட்டைத் தவறாகச் சொன்ன கார்

கஞ்சிக்கோடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் குடியிருக்கும் நம்மவர்களில் பலருக்கு மூணாறு, மறையூர், தேவிகுளம் பகுதிகளில் உறவினர்கள் உண்டு. இரண்டும் கேரளத்தில்தான் இருக்கின்றன. ஆனால் போகிற வழி தமிழ்நாட்டுக்குள் புகுந்து வருகிறது. கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பிறகு சின்னாறு சோதனைச் சாவடி, மறையூர், அதற்கு மேல் தேயிலைத் தோட்டங்கள். வெயில் காயும் சமவெளியில் கிளம்பி, சால்வை போர்த்தும் குளிரில் போய் இறங்கும் பயணம் அது.

சென்ற தை மாதம் அக்கா மகளின் சடங்குக்காக அந்த வழியில் புறப்பட்டோம். தாய்மாமன் நான். சீர்த் தட்டுகள் டிக்கியில். அம்மா பின் சீட்டில். 2013-ஆம் ஆண்டின் கடைசியில் வாங்கிய சிறிய பெட்ரோல் கார்.

வண்டிக்கு ஆறு மாதமாகவே உடம்பு சரியில்லை. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது 13-க்கு இறங்கிவிட்டது. புகைக் குழாயின் வாயில் கரி. ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், இன்ஜெக்டர் கழுவினார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. குறை அப்படியே இருந்தது. "அடுத்து பெட்ரோல் பம்ப்தான்" என்றார்கள். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு ஒருநாளும் எரியவில்லை. அதனால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறையூர் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி மூச்சு வாங்கியது. "என்னடா பெட்ரோல் வாடை?" என்று அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஒரு வளைவில் நிறுத்தினோம். மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. விடிந்தால் சடங்கு. சீர் வராமல் அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்து எனக்கு வியர்த்தது.

அந்த வழியே வந்த ஜீப் ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்தார். "சார், ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டே சாவியைத் திருப்புங்க. பெட்ரோல் மூழ்கிக் கிடக்கு" என்றார். அப்படிச் செய்ததும் கரும்புகை கக்கி வண்டி கிளம்பியது. பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில் அப்படி முழுதாக மிதித்தால் ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் பாய்வது நிற்கும். காற்று மட்டும் போய் உள்ளே தேங்கியதை உலர்த்தும்.

சீர் நேரத்துக்குச் சேர்ந்துவிட்டது. ஆனால் இதே வண்டியில் அம்மாவைத் திரும்ப அழைத்துப் போவது எப்படி?

காற்றுக்குத் தக்க பெட்ரோல்

மறுநாள் விடியற்காலையில் மச்சான் தமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார். தோட்டத்து ஜீப்புகளில் தொழில் பழகியவர். கையில் ஒரு சிறிய ஸ்கேனர், ஒரு மல்ட்டிமீட்டர், சட்டைப் பையில் ஒரு சாதாரண வெப்பமானி. வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி நிறுத்தினதுக்கு அப்புறம் யாரும் ஸ்டார்ட் பண்ணலையே?"

அந்தக் கேள்வியின் அருமை பிறகுதான் புரிந்தது.

காற்று சூடானால் விரியும், குளிர்ந்தால் நெருங்கும். 38 டிகிரி வெயிலில் இருக்கும் காற்றைவிட 10 டிகிரிக் குளிரில், அதே அழுத்தத்தில், அதே அளவு இடத்தில், ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதலான காற்று அடங்கும். கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். உலையில் எத்தனை படி அரிசி என்று தெரிந்தால்தானே அளவாகத் தண்ணீர் வைக்க முடியும்? என்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்வதற்கென்றே ஒரு சென்சார் இருக்கிறது. மலை மேல் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். அதை அளக்க இன்னொரு சென்சார். பல சிறிய கார்களில் இரண்டும் ஒரே கூட்டில், நான்கு ஊசிகளுடன் இருக்கும்.

சூட்டை அளக்கும் பகுதி ஒரு சிறு மின்தடை, அவ்வளவுதான். குளிரில் அதன் தடை ஏறும், சூட்டில் இறங்கும். பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் நிற்கும்.

விடியற்காலைச் சோதனை

இரவு முழுவதும் நின்ற வண்டியில் என்ஜின் தண்ணீர், உள்ளே இருக்கும் காற்று, வெளிக்காற்று மூன்றும் ஒரே சூட்டில்தான் இருக்க வேண்டும். மெக்கானிக் சாவியை மட்டும் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரைப் பார்த்தார். வெப்பமானி 12 டிகிரி. என்ஜின் தண்ணீர் 13. உள்ளிழுக்கும் காற்றோ, மைனஸ் 3!

மூணாறு பக்கம் சில ஆண்டுகளில் தை மாதத்தில் உறைபனி விழுவது உண்மைதான். அன்று விழவில்லை.

"இல்லாத குளிரை இருக்குன்னு சொல்லுது சார். அதை நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊத்துது" என்றார். சமவெளியில் காற்று 36 டிகிரி இருக்கும்போது 5 டிகிரி என்று சொன்னால், 11 சதவீதம் கூடுதல் காற்று இருப்பதாகக் கணக்காகிவிடும்.

ஏற்றத்தில் ஏன் அவ்வளவு மோசம்? சமமான சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது, புகைக் குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் தவறைக் கண்டுபிடித்து ஓரளவு திருத்திக்கொள்ளும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போது அந்தத் திருத்தம் கைவிடப்படுகிறது. தவறு முழுமையாக வெளிப்படுகிறது.

விளக்கு ஏன் எரியவில்லை? கம்பி முழுதாக அறுந்தால் மைனஸ் 40 என்று காட்டும். பி 0113 என்ற குறியீடு பதிவாகும். ஒன்றோடொன்று உராய்ந்து ஷார்ட் ஆனால் நம்ப முடியாத சூடு காட்டும். அது பி 0112. மைனஸ் 3 என்பது இருக்கக்கூடிய எண்தானே! பொய் நம்பும்படியாக இருந்ததால் எங்கள் வண்டி அதை ஏற்றுக்கொண்டது.

குற்றவாளி வேறு

"அப்ப புது சென்சார் வாங்கிடலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அவசரப்படாதீங்க சார்."

இணைப்பைக் கழற்றினார். ஸ்கேனர் உடனே மைனஸ் 40-க்குப் போயிற்று. கம்ப்யூட்டர் கேட்கிறது என்று அர்த்தம். பிறகு சென்சாரின் ஊசிகளில் மல்ட்டிமீட்டரை வைத்தார். 3,400 ஓம். 12 டிகிரிக்குச் சரியான அளவு. சென்சார் நிரபராதி!

இணைப்பின் உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். காற்றுச் சூட்டுக்கான ஊசியில் மட்டும் பச்சைக் களிம்பு. அந்தக் களிம்பின் தடையும் சென்சாரின் தடையோடு சேர்ந்து குளிராகக் கணக்காகியிருக்கிறது. ஆனி மாத மழையில் சேறு படிந்ததென்று என்ஜின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியது நினைவுக்கு வந்தது. குற்றவாளி நானேதான்.

களிம்பைச் சுத்தம் செய்து, தளர்ந்த முனையை மாற்றி, மறுபடி பொருத்தினார். ஸ்கேனர் 13 என்றது. கூலியாக அவர் வாங்கியது, நான் முன்னே செலவழித்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வாசகர்கள் கவனத்துக்கு

நம் நாட்டில் 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் ஸ்கேனர் செருகும் துளை பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். மைலேஜ் குறைந்தாலோ, கரும்புகை வந்தாலோ, சூடான என்ஜின் ஸ்டார்ட் ஆக மறுத்தாலோ, முதலில் வண்டியை ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். விடியற்காலையில் மெக்கானிக்கை அழைத்து, மூன்று சூடுகளையும் ஒப்பிடச் சொல்லுங்கள். நான்கைந்து டிகிரி வித்தியாசம் இருந்தால் குற்றமில்லை. பதினைந்து டிகிரி இருந்தால் விடாதீர்கள். சென்சாரை மாற்றும் முன் அதைத் தனியே அளக்கச் சொல்லுங்கள். இணைப்பையும் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். எலி கடித்த கம்பியும் இதே வேலையைச் செய்யும். எந்த ஊசி எதற்கென்று தெரியாமல் நீங்களே கம்பி போட்டு இணைத்துப் பார்க்க வேண்டாம், கம்ப்யூட்டரே பழுதாகலாம். என்ஜின் மேல் தண்ணீரைப் பீய்ச்சவும் வேண்டாம். இந்தக் குறையை நீண்ட நாள் விட்டுவைத்தால், எரியாத பெட்ரோல் புகைக் குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுத்துவிடும். அதன் விலை நம் குடும்ப பட்ஜெட்டைக் கலங்கடிக்கும்.

திரும்பும் வழியில் சின்னாறு தாண்டியதும் அம்மா கண்ணாடியை இறக்கினார். "இப்ப வாடை இல்லடா" என்று சொல்லிவிட்டு, உடுமலைப்பேட்டை வரும் வரை நிம்மதியாகத் தூங்கினார்.