முடிக்குள் ஒரு தையல்

“இந்த நரிக்கு ஆபரேஷன் ஆச்சா சார்?”

கேட்டது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. நானும் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால் முடி பிளந்து, விரல்நக அகலத்துக்கு வெளுப்பாக ஒரு கோடு. மூன்று வாரத்துக்கு முன்பு நான் தைத்த இடம். தைத்தபோது அந்த வெட்டு அரை அங்குலம்கூட இல்லை.

பாடம் போடுவது என்று எங்கள் வேலைக்குப் பெயர். செத்த விலங்கின் தோலை உரித்து, உப்பிட்டு, பதப்படுத்தி, அதன் உடம்பு மாதிரியே செய்த அச்சின் மேல் போர்த்தித் தைப்பது. “உள்ளே வைக்கோலா சார்?” என்று கேட்காதவர்கள் கிடையாது. வைக்கோல் காலம் போய் வெகுநாள் ஆகிறது. மைசூரில் வான் இங்கன் குடும்பம் நடத்திய பட்டறையிலேயே காகிதக்கூழ் அச்சுகள்தான். ராஜாக்களும் துரைமார்களும் சுட்ட புலி, சிறுத்தைகள் அங்கே ஆயிரக்கணக்கில் பாடமாயின. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1999-இல் அந்தப் பட்டறையும் மூடப்பட்டது. வேட்டை ஒழிந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இன்று எங்களிடம் வருவது வண்டியில் அடிபட்டது, கூண்டில் வயதாகிச் செத்தது, இப்படித்தான். அதுவும் அனுமதிக் கடிதம் முன்னால் வர வேண்டும், உடல் பின்னால் வர வேண்டும்.

எப்படி வந்தாலும் தோலில் ஓட்டை இல்லாமல் வராது. தப்பித்தவறி ஓட்டை இல்லாமல் வந்தால் நாமே போட்டுவிடுவோம். உடம்புத் தோல் சட்டை கழற்றுவதுபோல வந்துவிடும். கத்தியைவிட விரலுக்குத்தான் அங்கே வேலை. முகத்துக்கு வந்தால் கதை வேறு. மூக்கோரத்துக் கண்முனையில் தோல் எலும்போடு ஒட்டிக் கிடக்கும். உதட்டோரம், காதின் அடி, கால்விரல் சந்து எல்லாம் அதே மாதிரி. கத்தி ஒரு மயிரிழை சாய்ந்தால் போதும், உள்ளிருந்து வெளிச்சம் தெரியும்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் ஷாப்புகளில் கத்திவெட்டு விழுந்த தோலுக்கு விலை இறங்கிவிடும். அங்கே முடியை எடுத்துவிடுகிறார்கள், வெட்டு முகத்தில் அடித்தாற்போல் தெரியும். எங்களுக்கு முடி இருக்கிறது. அது பெரிய கருணை. ஆனால் அந்த முடியை நம்பித்தான் நான் அந்த நரியிடம் ஏமாந்தேன்.

நடந்தது இதுதான். தோல் ஈரமாக இருக்கும்போது தைத்தேன். ஈரத்தோல் இழுத்த பக்கம் வரும், நல்ல பிள்ளை. தையல் ஓரத்துக்கு மிக அருகில் விழுந்தது. அது போதாதென்று, கெட்டியாக இருக்கட்டும் என்று நூலைச் சுண்டிச் சுண்டி இழுத்தேன். வெட்டின் வாய் மூடிக்கொண்டது, முடியை நீவிவிட்டேன், எங்கே தைத்தோம் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு தோல் காய ஆரம்பித்தது. காயும் தோல் சுருங்கும். அச்சு சுருங்காது. நடுவில் மாட்டியது என் தையல். நூல் அறவில்லை, நனைந்த சோப்பை நூல் அறுப்பதுபோல அது தோலை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

“தம்பி, இன்னைக்கு வாயை மூடுறது பெரிசில்ல. காயறப்போ திறக்காம இருக்கணும்” என்றார் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர். அதற்குமேல் திட்டவில்லை.

அவர் செய்து காட்டியதைச் சொல்கிறேன். தோலைத் திருப்பிப் போட்டு, சதைப்பக்கத்தை மேலே வைத்துக்கொள்வார். வெட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் சுரண்டி எடுப்பார். கொழுப்புள்ள இடத்தில் தையலும் நிற்காது, பசையும் நிற்காது. பிறகு ஊசியின் காதுப்பக்கத்தால் முடியை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் தள்ளிவிடுவார். ஒரு முடி தையலில் சிக்கினாலும் வெளியே அந்த இடம் குழி விழுந்து, மற்ற முடியெல்லாம் சுழி போட்டு நிற்கும். தையல் தெரிவதைவிட அது அசிங்கம். அதற்கப்புறம்தான் ஊசி. தேன்மெழுகு தேய்த்த நூல். ஓரத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி, அதே இடைவெளியில், வெட்டு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே ஆரம்பித்து, அது முடிந்த பிறகும் இரண்டு தையல் கூடுதலாகப் போடுவார். இரு ஓரமும் ஒன்றையொன்று தொட வேண்டும், நெரிக்கக் கூடாது.

ஊசியிலும் சூட்சுமம் உண்டு. கனமான தோலுக்கு முனை மூன்று பட்டையாக இருக்கும் ஊசி. அது குத்துவதில்லை, அறுத்துக்கொண்டு போகிறது. அதே ஊசியை முயலிடமோ பறவையிடமோ கொண்டுபோனால் ஒவ்வொரு குத்தும் ஒரு புதுக் கிழிசலுக்குப் பிள்ளையார் சுழி. அங்கே சாதாரண மெல்லிய ஊசிதான்.

வட்டமான ஓட்டைதான் படுத்தும். அப்படியே இழுத்துத் தைத்தால் சுருக்குப்பை வாய் மாதிரி மடிப்பு மடிப்பாக விழும். அதனால் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும்! முதல் தடவை சொன்னபோது நான் நம்பவில்லை. முடி படுத்திருக்கும் திசையிலேயே இரு பக்கமும் கூராக நறுக்கி, வட்டத்தைக் கண் வடிவத்துக்குக் கொண்டுவந்தால், தைக்கும்போது ஒரே கோடாக மூடிக்கொள்ளும். நீளம் அகலத்தைப்போல மூன்று பங்கு இருந்தால் நல்லது. மனிதர் தோலிலிருந்து மச்சம் எடுக்கும் அறுவை மருத்துவரும் இதே கணக்கில்தான் வெட்டுகிறார் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இத்தனையும் முடி வேரில் நிற்கும்வரைதான். உப்பு போடத் தாமதமானால் நம் ஊர் வெயிலுக்குத் தோலில் கிருமி ஏறி, தொட்டால் முடி கொத்தாகக் கையோடு வரும். அங்கே ஊசிக்கு வேலையே இல்லை.

நரியைப் பெட்டியிலிருந்து எடுத்து, பிளந்த இடத்தில் ஈரப் பஞ்சை ஒருநாள் முழுக்க வைத்து இளக்கினோம். இளகியது, ஆனால் பழைய அளவுக்கு வரவில்லை. உள்ளே மெல்லிய துணி கொடுத்து ஒட்டி, இடைவெளியில் எம்-சீல் நிரப்பி, வயிற்றுத் தையலில் வெட்டிப்போட்ட துணுக்கிலிருந்து முடியைப் பிடுங்கி, சாமணத்தால் நாலைந்தாக நட்டேன். இரண்டு நாள் ஆனது. முதலிலேயே ஒழுங்காகத் தைத்திருந்தால் பத்து நிமிட வேலை.

என் அம்மா ரவிக்கை தைத்துத்தான் எங்களை வளர்த்தாள். பல வருடம் கழித்து, கண்புரை முற்றியிருந்த சமயம், என் வேலை அறைக்கு ஒருநாள் வந்தாள். மேஜையில் பாடம் போட்டு முடித்து நன்றாகக் காய்ந்த மரநாய் ஒன்று. விலாவில் ஒரு வெட்டை அடைத்திருந்தேன். அலுவலகத்தில் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாத தையல், அப்படி ஒரு கர்வம் எனக்கு. “எங்கே தைச்சிருக்கேன், சொல்லு பார்க்கலாம்” என்றேன்.

முடிக்குள் விரலை விட்டு, வால்பக்கத்திலிருந்து மேலே தடவிக்கொண்டே வந்தாள். விலாவில் விரல் நின்றது.

“இங்கதானே? கடைசி ரெண்டு தையல்ல நூலைக் கொஞ்சம் இழுத்துட்டேடா.”