பாக்கெட்டில் ஒரு பவுர்ணமி! எந்த டார்ச்லைட்டு வாங்கலாம்?

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே இருக்கிறது மண்டகப்பட்டு. சின்ன ஊர்தான். ஆனால் சரித்திரத்தில் அதன் பெயர் பெரிது.

சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்னால், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் இங்கே ஒரு பாறையைக் குடைந்து கோவில் எடுத்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. இவை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கும் கோவில் எடுத்ததாக அவனே பெருமையோடு கல்வெட்டில் பொறித்து வைத்தான். வாசலின் இரு பக்கமும் வாயிற்காவலர்கள் கம்பீரமாக நிற்கிறார்கள். உள்ளே மூன்று அறைகள். இன்று அவற்றில் சாமி இல்லை.

பகலில் கோவிலைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். பொழுது சாய்ந்தால் போய்விடுகிறார்கள். ஊர்க்காரர்கள் போக முடியுமா? மல்லாட்டைக் கொல்லையில் பன்றி இறங்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழனிக்குத் தண்ணீர் திருப்ப வேண்டும். மோட்டார் கொட்டகைக்குப் போய் வர வேண்டும். வழியெல்லாம் வரப்பு. வரப்பின் இரு பக்கமும் புல். புல்லுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அதனால்தான் இந்தப் பக்கத்தில் டார்ச்லைட்டு என்பது ஆடம்பரப் பொருள் அல்ல. மண்வெட்டியைப் போல அதுவும் ஒரு விவசாயக் கருவி!

58 ஆயிரம் உயிர்கள்

இந்தியாவில் பாம்பு கடித்து ஆண்டுக்கு எத்தனை பேர் சாகிறார்கள் தெரியுமா? சராசரியாக 58 ஆயிரம் பேர்! 2000 முதல் 2019 வரை 20 ஆண்டுகளில் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக, 2020-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கும்தான் பெரிய எமன்கள். கட்டு விரியன் இரவில் நடமாடும். அது கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. கண்ணாடி விரியனோ காய்ந்த சருகுக்குள் சருகாகவே படுத்துக் கிடக்கும்.

வெளிச்சத்தைக் கண்டால் பாம்பு ஓடிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. அது கிடந்த இடத்திலேயே கிடக்கலாம். நாம்தான் அதைப் பார்த்து ஒதுங்க வேண்டும். ஆகவே காலுக்கு முன்னால் பத்தடி தூரம் தெளிவாகத் தெரிவதுதான் முக்கியம். அரை மைல் தூரத்தில் இருக்கும் மலை தெரிந்து என்ன பயன்?

(கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல், 108-க்குச் சொல்லி நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் ஒரே மருந்து அங்கே உண்டு. அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துக் கொடுப்பவர்கள் நம் இருளர்கள்தான். 1978-ல் அவர்களுக்காக ஏற்பட்ட கூட்டுறவுச் சங்கம், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இந்த வேலையைச் செய்துவந்தது.)

மினுக்கி அணைந்த விளக்கு

பந்தமும் லாந்தரும் போய் டார்ச்லைட்டு வந்த கதை சுவையானது. 1899-ம் ஆண்டு ஜனவரி 10-ந்தேதி அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவருக்கு இதற்கான பேடண்ட் உரிமை கிடைத்தது. ஒரு காகிதக் குழாய், உள்ளே மூன்று கட்டைகள், முனையில் ஒரு பல்பு. அவ்வளவுதான்! அந்தக் காலத்துக் கட்டைகளுக்குத் தொடர்ந்து எரியச் சக்தி இல்லை. கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு ஓய்வு கொடுக்க வேண்டும். அதனால்தான் அமெரிக்கர்கள் அதற்கு ‘பிளாஷ் லைட்’ என்று பெயர் வைத்தார்கள்.

எவரெடி என்ற பெயர் 1905-ம் ஆண்டிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. பிறகு ‘ரெண்டு கட்டை’, ‘மூணு கட்டை’ என்று ஊருக்கு ஊர் பளபளக்கும் தகரக் குழல்கள் வந்தன. மூணு கட்டை டார்ச் வைத்திருப்பவர் என்றால் அந்த நாளில் கொஞ்சம் வசதியானவர் என்று அர்த்தம்!

அந்த விளக்கின் குறை அதன் பல்பில் இருந்தது. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி சூடேறிப் பழுத்துத்தான் வெளிச்சம் தர வேண்டும். கட்டையில் உள்ள சக்தியில் பெரும்பகுதி சூடாகவே வீணாகிவிடும்.

எல்.இ.டி. அப்படி அல்ல. அது கடுகு அளவு, மிளகு அளவு உள்ள ஒரு சில்லு. மின்சாரத்தை நேரே ஒளியாக மாற்றுகிறது. 1962-ல் அமெரிக்கர் நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்தார். ஆனால் சிவப்பை வைத்துக்கொண்டு வரப்பில் நடக்க முடியுமா? நன்றாக ஒளிவிடும் நீல எல்.இ.டி. வருவதற்கு 1990-களின் தொடக்கம் வரை உலகம் காத்திருந்தது. அந்த நீல ஒளியின் மேல் மஞ்சள் ஒளி தரும் ஒரு பூச்சைப் பூசினார்கள். நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரிந்தது! நீல எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பழைய பல்பு ஒரு வாட் மின்சாரத்துக்குப் பத்துப் பதினைந்து ‘லூமன்’ வெளிச்சம் தந்தது. இன்றைய நல்ல எல்.இ.டி. 100 லூமனும் அதற்கு மேலும் தருகிறது. அதனால்தான் முன்பு முழங்கை நீளம் இருந்த விளக்கு இன்று விரல் நீளத்துக்குச் சுருங்கிவிட்டது.

லூமன் என்பது என்ன?

கடையில் டார்ச்லைட்டு வாங்கப் போனால் அட்டைப் பெட்டியில் முதலில் கண்ணில் படுவது இந்த ‘லூமன்’தான். விளக்கில் இருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு அது. வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறக்குறைய 900 லூமன் தருகிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி ஏமாற்று வேலை அங்கேயே அடிபட்டுப் போகும்!

எப்படி?

சந்தையில் ஒரு சாண் நீள விளக்கை வைத்துக்கொண்டு “பத்தாயிரம் லூமன்” என்று விற்பார்கள். விலையோ சில நூறு ரூபாய். பத்தாயிரம் லூமன் என்றால் வீட்டு பல்பு பதினொன்றை ஒரே கையில் பிடித்திருப்பதற்குச் சமம். அதற்குச் சுமார் 100 வாட் வேண்டும். அந்த விளக்குக்குள் இருக்கும் ஒரே ஒரு லிதியம் கட்டையில் உள்ள சக்தி மொத்தம் 12 வாட்-மணி. 100 வாட் எடுத்தால் ஏழே நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் விளக்கு இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டுவிடும்! ஒரு கட்டைக்கு அவ்வளவு மின்சாரத்தைக் கக்கும் வலுவும் கிடையாது. ஆகவே பெட்டியில் எழுதி இருப்பது சுத்தப் புளுகு.

அடுத்தது தூரம். மோட்டார் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் தூரப் பாய்கிறது அல்லவா? தண்ணீர் கூடவில்லை. குவிந்து போகிறது. வெளிச்சமும் அப்படித்தான். ஆழமான கிண்ணம் உள்ள விளக்கு தூரம் அடிக்கும். கிண்ணம் ஆழமில்லாத விளக்கு பக்கத்தில் பரவலாகக் கொட்டும்.

இந்தத் தூரத்தை அளக்க 2009-ல் அமெரிக்காவில் ஒரு விதி வகுத்தார்கள். விளக்கின் ஒளி எந்த இடத்தில் பவுர்ணமி நிலவொளி அளவுக்குக் குறைகிறதோ, அதுவரைதான் அதன் தூரம்! திருவண்ணாமலையில் கிரிவலம் போனவர்களுக்கு இந்த அளவு எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்குப் போகிறவர்களுக்கோ நிலவே கிடையாது. அங்கே ஊஞ்சல் உற்சவம் அமாவாசை இரவில் அல்லவா நடக்கிறது!

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால், அந்தத் திசையில் பாயும் ஒளியை நான்கு மடங்கு ஆக்க வேண்டும். “200 மீட்டர்” விளக்கு “100 மீட்டர்” விளக்கைவிட இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு வலுவானது.

எதை வாங்குவது?

முதலில் பிளாஸ்டிக் சார்ஜர் லைட்டு. பின்பக்கம் இரண்டு முள் நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே பிளக்கில் சொருகிவிடலாம். விலை மலிவு, கிராமத்தில் வீட்டுக்கு வீடு இதுதான். இதில் பல மாடல்களில் இருப்பது ஈயக் கட்டை. அதை முழுக்கத் தீர்த்துவிட்டுச் சார்ஜ் போடாமல் பரணில் எறிந்தால் செத்துப் போகும். “ஆறே மாதத்தில் போய்விட்டது” என்று பலர் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மாதத்துக்கு ஒருமுறையாவது மறக்காமல் சார்ஜ் போட்டு வந்தால் இன்னும் நீடித்து உழைக்கும்.

இரண்டாவது, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சின்னக் கட்டையில் எரியும் விளக்கு. சட்டைப் பையில் பேனா மாதிரி சொருகிக்கொள்ளலாம். வெளிச்சம் அதிகம் இராது. ஆனால் எந்தப் பெட்டிக்கடையிலும் கட்டை கிடைக்கும். பெரியவர்களுக்கும், அவசரத்துக்கு வீட்டில் வைத்திருக்கவும் இதுவே நல்லது.

மூன்றாவதுதான் ராஜா. இதில் போடுவது ‘18650’ என்ற லிதியம் கட்டை. 18 மில்லி மீட்டர் கனம், 65 மில்லி மீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். ஆட்காட்டி விரல் அளவுதான். சீனாவின் சோபிர்ன், வுர்க்கோஸ், கான்வாய் கம்பெனிகள் இந்த ரகத்தில் கட்டுப்படியான விலையில் நல்ல விளக்குகள் செய்கின்றன. வுர்க்கோஸ் ‘எப்.சி. 11’ விளக்குக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு 1,300 லூமன். சோபிர்ன் ‘எஸ்.சி. 31 புரோ’வுக்கு 2,000 லூமன். இரண்டிலும் ஒரே ஒரு கட்டைதான். இரண்டையும் செல்போன் சார்ஜர் வயரிலேயே சார்ஜ் போடலாம்.

ஆனால் ஒன்று. இந்த உச்ச வெளிச்சம் சில நிமிடங்களுக்குத்தான். உடம்பு சுட ஆரம்பித்ததும் விளக்கு தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அது பழுது அல்ல, பாதுகாப்பு. வரப்பில் நடக்க 100 முதல் 200 லூமன் போதும். அந்த அளவில் வைத்தால் ஒரு சார்ஜில் சில இரவுகள் ஓட்டிவிடலாம். பன்றியோ திருடனோ என்று சந்தேகம் வந்தால் மட்டும் உச்சத்துக்கு ஏற்றலாம்.

இந்தக் கட்டையிலும் புளுகு உண்டு. மேலே “9,900” என்று அச்சடித்து விற்பார்கள். 18650 அளவில் நல்ல கம்பெனிக் கட்டையே 3,500 மில்லி ஆம்பியர்-மணி சுமாருக்கு மேல் தாங்காது. அதற்கு மேல் எவ்வளவு எழுதி இருக்கிறதோ, அவ்வளவு மோசமான கட்டை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியத் தர முத்திரையும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டையைத் தனியாகச் சில்லறைக் காசோடும் சாவியோடும் பையில் போடக் கூடாது. உரசித் தீப்பிடிக்கும்!

இரண்டு கையாலும் வேலை செய்கிறவர்களுக்கு, அதாவது பால் கறப்பவர்களுக்கும் மோட்டார் பழுது பார்ப்பவர்களுக்கும், நெற்றியில் கட்டும் விளக்குதான் சரி. செல்போன் வெளிச்சம்? வீட்டு வாசல்வரை சரி. ஆபத்து என்றால் கூப்பிடுவதற்குச் செல்போனில் சார்ஜ் வேண்டாமா?

நிறமும் பாருங்கள்

பளீரென்று நீலம் பாய்ந்த வெள்ளைதான் நல்ல வெளிச்சம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்த ஒளியில் மண், சருகு, புல் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். சற்றே மஞ்சள் கலந்த நல்ல ஒளியில் பழுப்பும் செம்மையும் பிரிந்து தெரியும். சருகில் கிடக்கும் விரியனைக் கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

பிடிக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. மண்டகப்பட்டுக் கல்வெட்டின் மேல் விளக்கை நேராக அடித்தால் எழுத்து தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில், பாறையை ஒட்டினாற்போல் அடித்தால் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழும். எழுத்துகள் எழுந்து நிற்கும்! கல்வெட்டு படிப்பவர்கள் கையாளும் முறை இது. வரப்பிலும் இதே வித்தைதான். விளக்கைத் தோள் உயரத்தில் பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தால் கல்லுக்கும் குழிக்கும் நிழல் விழுந்து தனித்தனியாகத் தெரியும்.

மழைக்காலத்துக்கு ‘ஐ.பி.எக்ஸ். 7’ என்று போட்ட விளக்கு நல்லது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது என்பது அதன் பொருள். ‘ஐ.பி.எக்ஸ். 4’ என்றால் சாரல் மட்டும் தாங்கும். கிணற்றில் விழுந்தால் போச்சு!

பரணில் தாத்தாவின் பழைய ரெண்டு கட்டை டார்ச் கிடக்கிறதா? எறிந்துவிட வேண்டாம். அதில் திருகிப் போடுவதற்கென்றே சின்ன எல்.இ.டி. பல்பு விற்கிறது. பழைய கட்டை கசிந்து பச்சை பூத்திருந்தால், எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, பிறகு கட்டை போட வேண்டும். வாங்கும்போது அது எத்தனை வோல்ட் பல்பு என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு கட்டைக்கு 3 வோல்ட், மூன்று கட்டைக்கு 4.5 வோல்ட்.