கணிப்பொறியின் வேகமும் ஓய்வும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று, மாசி பிறந்ததும் கல்பாத்தி அக்கிரகாரத் தெருக்களைச் சுடத் தொடங்கிவிடுகிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் பாலக்காட்டுப் பகுதியில் உஷ்ணநிலை 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவது அபூர்வமன்று. இக்காலத்தில் ஆசிரியர்களுக்கும் வெளிக்களப் பணியாளர்களுக்கும் ஓர் ஐயம் எழுவதுண்டு. காலையில் சுறுசுறுப்பாக வேலை செய்த மடிக்கணினி பிற்பகலில் தயங்குகிறது. அதன் விசிறி ஓயாமல் இரைகிறது. கருவி பழுதாகிவிட்டதோ என்று கலங்குகிறார்கள். பெரும்பாலும் பழுது ஏதும் இல்லை.

கணிப்பொறியில் கணக்கிடும் வேலையைச் செய்யும் உறுப்பு பிராஸஸர். அதற்குள் செல்லும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் உஷ்ணமாகவே வெளியேற வேண்டும். எவ்வளவு விரைவில் வெளியேறும் என்பது சில்லுக்கும் அறைக்கும் உள்ள உஷ்ண வித்தியாசத்தைப் பொறுத்தது. பல பிராஸஸர்களுக்குச் சுமார் 100 டிகிரியே மேல் வரம்பு. அறை 25 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் 75. அறை 40 டிகிரியானால் 60. அதே விசிறி, அதே உலோகத் தகடு. ஆயினும் வெளியேற்றக்கூடிய உஷ்ணம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கடும் வேலையின் நடுவே வரம்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்வது தவிர வேறு வழியில்லை. பிராஸஸர் இதைத் தானாகவும் செய்கிறது. கர்னலின் ஆணைப்படியும் செய்கிறது.

கர்னல் என்பது இயக்க அமைப்பின் உட்கரு. எந்த நிரலுக்கு எப்போது பிராஸஸரைக் கொடுப்பது என்று முறை வகுப்பது அதுவே. கேரளப் பள்ளிகளில் 2018ஆம் ஆண்டு தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தின்கீழ் சுமார் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினிகளும் படம் வீழ்த்தும் கருவிகளும் அளிக்கப்பட்டன. கைட் என்னும் அரசு நிறுவனம் தொகுத்த இயக்க அமைப்பு இப்பள்ளிகளில் வழங்குகிறது. அதன் உட்கரு லினக்ஸ் கர்னல். அதன் மூலநிரல் யாவரும் படிக்கக் கிடைப்பதால், கர்னல் என்ன செய்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்தே அறியலாம்.

வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்பது பொதுவான நம்பிக்கை. இது பாதி உண்மையே. பிராஸஸர் செலவிடும் மின்திறனில் பெரும்பகுதி, அதன் வேகத்தையும் மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தையும் பெருக்கி வரும் அளவோடு ஏறி இறங்குகிறது. உதாரணமாக, வேகத்தைப் பாதியாக்கி, மின்னழுத்தத்தையும் 1.2 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட்டுக்கு இறக்கினால், மின்திறன் முன்னிருந்ததில் 28 சதவீதமாகிறது. வேலை முடிய இருமடங்கு நேரம் பிடித்தாலும் மொத்தச் செலவு 56 சதவீதமே. ஆனால் மின்னழுத்தத்தை ஓர் அளவுக்குக் கீழே இறக்க இயலாது. அந்த எல்லைக்குப் பிறகு வேகத்தை மட்டும் குறைப்பதால் லாபமில்லை. வேலை நீள்கிறது, திரையும் நினைவகமும் அதற்கேற்ப அதிக நேரம் மின்சாரம் குடிக்கின்றன. சிக்கனம் என்று எண்ணிச் செய்தது நஷ்டமாக முடிகிறது.

ஆகவே எந்த நேரத்தில் எந்த வேகம் என்று தீர்மானிக்க ஓர் அதிகாரி தேவை. லினக்ஸ் கர்னலில் இப்பகுதிக்குக் கவர்னர் என்று பெயர். இது ராஜ பவனத்திலிருந்து வந்த பெயரன்று. எஞ்சின்களின் வேகத்தைச் சீராக்கும் கருவியின் பெயர். கேரளத்தின் மிகப் பெரிய நீர்மின் நிலையமான இடுக்கித் திட்டத்தின் மூலமட்டம் நிலையத்தில், 130 மெகாவாட் திறனுள்ள ஆறு யந்திரங்களிலும் இத்தகைய கவர்னர்கள் உண்டு. மின் தேவை கூடும்போது சக்கரம் தளரப் பார்க்கிறது. உடனே கவர்னர் நீர்த்தாரையைப் பெருக்கி, விநாடிக்கு 50 சுற்று என்னும் மின் அலைவெண் பிறழாமல் காக்கிறது. கணிப்பொறியின் கவர்னரோ நேர்மாறானது. சுமைக்கு ஏற்ப அலைவெண்ணையே மாற்றுவதுதான் அதன் தொழில்.

இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த வெங்கடேஷ் பல்லிபாடியும் அலெக்ஸி ஸ்டாரிகோவ்ஸ்கியும் உருவாக்கிய ஆன்டிமாண்ட் கவர்னர் 2004இல் லினக்ஸில் சேர்ந்தது. பிராஸஸர் எவ்வளவு நேரம் வேலையிலும் எவ்வளவு நேரம் சும்மாவும் இருந்தது என்று அது அடிக்கடி பார்க்கும். வேலை நேரம் 80 சதவீதத்தைக் கடந்தால் உச்ச வேகத்துக்குத் தாவும். சுமை குறைந்ததும் இறங்கும். இதில் ஒரு குறை உண்டு: நடந்து முடிந்ததைக் கொண்டே வருவதைக் கணிக்கிறது. 2016இல் வந்த ஷெட்யூடில் கவர்னர், வேலைகளுக்கு முறை வகுக்கும் பகுதியிடமே சுமைக் கணக்கைக் கேட்டுப் பெறுகிறது.

வேகத்தைவிட ஓய்வில் கிடைக்கும் மிச்சம் பெரிது. ஆசிரியர் ஒருவர் வினாத்தாளைத் தட்டச்சு செய்கையில், இரு எழுத்துகளுக்கிடையே விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிகிறது என்று கொள்வோம். பிராஸஸருக்கு அது நெடுங்காலம். அந்த இடைவெளியில் அது உறங்கலாம். உறக்கத்தில் படிகள் உண்டு. மேலோட்டமான படியிலிருந்து சில மைக்ரோ விநாடிகளில் விழித்துவிடலாம். ஆழ்ந்த படியில் பல பகுதிகளுக்கு மின்சாரமே நிறுத்தப்படுவதால், விழிப்பதற்கு நூற்றுக்கணக்கான மைக்ரோ விநாடிகளும் அதற்கான மின்செலவும் ஆகும். அடுத்து யார் கதவைத் தட்டுவார், எப்போது தட்டுவார் என்று தெரியாமல், திண்ணையில் சாய்வதா, உள்ளே பாய் விரித்துப் படுப்பதா என்று தீர்மானிக்க வேண்டிய நிலை கர்னலுக்கு. கடிகார அழைப்புகள் எப்போது வரும் என்பது அதற்கு முன்பே தெரியும். மற்றவற்றை அண்மைக்கால அனுபவத்தால் ஊகிக்கிறது.

முன்பு கர்னலே இந்த உறக்கத்தைக் கெடுத்து வந்தது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், விநாடிக்கு 1,000 முறை வரை கடிகாரத் துடிப்பு பிராஸஸரை எழுப்பியது. 2007 ஏப்ரலில் வெளியான 2.6.21ஆம் பதிப்பு, வேலையற்ற நேரத்தில் இத்துடிப்பை நிறுத்தும் வசதியைத் தந்தது. அதே ஆண்டில் இன்டெல் வெளியிட்ட பவர்டாப் என்னும் நிரல், எந்தெந்த நிரல் வீணாக எழுப்புகிறது என்பதைப் பெயர் சொல்லிக் காட்டியது. இன்றும் மின்கலம் மாலைவரை தாங்க வேண்டிய களப்பணியாளருக்கு இது உதவும். அசையும் விளம்பரங்கள் நிறைந்த பக்கங்களைத் திறந்து வைப்பது, உறங்குபவரை அடிக்கடி உலுக்குவதற்கு ஒப்பாகும்.

கவர்னரை மாற்றி அமைக்க விழைவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பவர்சேவ் என்ற ஒரே பெயருக்கு இரு பொருள் உண்டு. பழைய முறையில் அது பிராஸஸரை மிகக் குறைந்த வேகத்திலேயே கட்டிப்போடும். இன்டெல் பீஸ்டேட் என்னும் அமைப்பிலோ, பொதுவாகச் சுமைக்கேற்ப வேகத்தை ஏற்றி இறக்கும். எது இயங்குகிறது என்று அறியாமல் மாற்றுதல் நன்றன்று. விசிறித் துளைகளில் படிந்த புழுதியை அகற்றுவதும், கருவியை மெத்தையின்மேல் வைக்காமல் மேசைமேல் வைப்பதும் எவரும் அச்சமின்றிச் செய்யக்கூடியவை.

வகுப்பறையில் இதை ஒரு பரிசோதனையாகவும் நடத்தலாம். லினக்ஸ் கருவிகள் பெரும்பாலானவற்றில், சிபியூஇன்ஃபோ என்னும் கோப்பு ஒவ்வொரு கணிப்பகத்தின் வேகத்தையும் மெகாஹெர்ட்ஸில் காட்டும். காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் ஒரே நீண்ட கணக்கைக் கொடுத்து, நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மேசைமேல் ஓர் உஷ்ணமானி இருக்க வேண்டும். இரு பட்டியல்களையும் ஒரே வரைதாளில் குறித்தால், கணவாய்க் காற்று கணிப்பொறியை எவ்வளவு தளர்த்துகிறது என்பது கோடுகளாகத் தெரியும்.